அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில்

1. எழுபதில் ஓர் உதறல்

டெலிவரி கொடுத்து ஒன்பதாவது நாள் ஏழுமலை சார் திரும்பி வந்தார். வந்த விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திருப்தியான கஸ்டமர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, தேவையே இல்லாமல் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் ஆஃப் செய்வார். இவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து வந்தார்.

"எழுபதுல உதறுது" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூரில் கோதண்டம் அண்ணனின் ஒர்க் ஷாப்பில் நான் ஹெட் மெக்கானிக். பெயரைக் கேட்டு எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தமே இரண்டு மெக்கானிக். இன்னொருவன் ஸ்கூட்டர் மட்டும்தான் தொடுவான். ஆக, நான் எனக்கே ஹெட்.

ஏழுமலை சாருடையது இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். அன்றைக்கு நம் ரோட்டில் ஓடியதிலேயே ரேஸ் வண்டி என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஸ்பேர் கிடைக்காது. முதல் லாட்டில் வந்த வண்டிகளில் ஜப்பான் கிராங்க் போட்டிருந்தார்கள் என்றொரு பேச்சு உண்டு. சாருடையது முதல் லாட். அதனால் அவருடைய வண்டிக்குள் இருப்பது கிராங்க் இல்லை, குலதெய்வம்.

இன்றைக்கு வேலை பழகுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் உதறாத வண்டியே கிடையாது. எந்த வேகத்தில் உதறுகிறது என்பதுதான் கேள்வி. எல்லா வேகத்திலும் உதறினால் நிம்மதி, எங்கேயோ போல்ட் லூஸ். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறி, அதைத் தாண்டினால் அடங்குகிறது என்றால் உள்ளே சுற்றுகிற சாமான் ஏதோ ஒன்று நடுவில் உட்காரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். சுற்றுகிறவற்றில் பெரியது கிராங்க், பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுற்றலாக்குகிற தண்டு. ஒன்பது நாள் முன்னால்தான் அந்த என்ஜினை முழுக்கப் பிரித்து, கிராங்க்குக்குப் புது கனெக்டிங் ராடு போட வைத்து, நானே கோத்திருந்தேன்.

டெஸ்ட் எடுக்கலாம் என்றேன். பின்னால் அவரே உட்கார்ந்துகொண்டார். திருவள்ளூர் ஹைரோட்டில் ஆவடியைத் தாண்டி விட்டேன். அறுபது வரை பட்டுத்துணி. அறுபத்தைந்தில் உள்ளங்காலில் எறும்பு ஊறியது. எழுபதில் கைப்பிடியில் இருந்த கை மரத்துப்போய், கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு லாரி இரண்டு லாரியானது. எழுபத்தைந்தைத் தாண்டியதும் மறுபடி பட்டுத்துணி.

எழுபதில் வைத்திருக்கும்போது சார் என் காதருகே குனிந்து, தெரியுதா என்று கேட்டார். ஒண்ணும் தெரியல சார் என்று சொன்னேன். சொன்ன குரலே நடுங்கிக்கொண்டு வந்தது, மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஓரங்கட்டினோம். சார் இறங்கி, பெட்ரோல் டேங்கில் கையை வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பாபு, உள்ள இருக்கறது என் கிராங்க்தானே?"

ஆமாம் சார் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் எச்சில் விழுங்கினேன். அந்த ஒரு மிடறை அவர் பார்த்துவிட்டார்.

2. சிவப்புப் புள்ளிகள்

நான் ஏன் எச்சில் விழுங்கினேன் என்பதற்கு இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் கஸ்டமருக்கும் மெக்கானிக்குக்கும் இருந்த உறவு, சந்தையில் மாடு பிடிக்கிற இரண்டு பேருக்கு இருக்கிற உறவு. நல்ல பார்ட்டைக் கழற்றிக்கொண்டு ஓட்டையைப் போட்டு அனுப்பிவிடுவான் என்று கஸ்டமர் நினைப்பார். நினைப்பில் நியாயமும் இருந்தது. எனக்கு முன்னால் எங்கள் கடையில் இருந்தவன் ஒரு கார்புரேட்டரை மாற்றிப் பிடிபட்டான். கோதண்டம் அண்ணன் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஸ்பானர் பெட்டியை வெளியே வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு திருநின்றவூரிலிருந்து குமணன்சாவடி வரை எந்தக் கடையும் அவனைச் சேர்க்கவில்லை. கடைசியாகக் கேள்விப்பட்டபோது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். பார்ட்ஸ் மாற்றுகிறவன் என்ற பெயர் வந்தால் இந்தத் தொழிலில் அதோடு சரி. எனக்கு வேறு தொழில் தெரியாது. சமையல்கூடத் தெரியாது.

அதனால் ஒரு வழக்கம் இருந்தது. என்ஜின் பிரிக்கிற நாளில் கஸ்டமர் கூடவே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சாமானும் வெளியே வர வர அதில் தன் அடையாளத்தை வைப்பார். சிலர் பெயிண்ட் வைப்பார்கள். விவரமானவர்கள் வீட்டிலிருந்து நெயில் பாலிஷ் கொண்டுவருவார்கள். ஆயிலிலும் மண்ணெண்ணெயிலும் அழியாது, சீக்கிரம் காயும்.

ஏழுமலை சார் சேக்காட்டுக்காரர். ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை. பகல் முழுக்க அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடித்து ரிஜெக்ட் போடுவதற்கே சம்பளம் வாங்குகிறவர். அவர் தன் மனைவியின் நெயில் பாலிஷோடும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடும் வந்தார். பிஸ்டன் இரண்டு, பேரல் இரண்டு, கார்புரேட்டர் இரண்டு, கிராங்க், மேக்னெட் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. எதில் எந்த இடத்தில் வைத்தார் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. ஆனால் சிரித்துக்கொண்டே, எனக்கும் ஒரு பொட்டு வைச்சிடுங்க சார், யாராவது மாத்திடப் போறாங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு நான் டீக்குப் போய்த் திரும்பியபோதும் அதே ஸ்டூலில் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

3. தின்னர்

மறுநாள் காலை. பேரலிலும் என்ஜின் கேஸிலும் பழைய கேஸ்கெட் பசை கல்லாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்க்கு அது அசையவில்லை. பக்கத்து டிங்கர் கடையில் பெயிண்ட் அடிக்கிறவரிடம் ஒரு டப்பா தின்னர் வாங்கிவந்து, எல்லாச் சாமானையும் ட்ரேயில் போட்டு ஊற்றிவிட்டு டிபன் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு இட்லி முடிந்து திரும்பிப் பார்த்தால் ட்ரேயில் இருந்த தண்ணீர் நிறத் தின்னர் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்திருந்தது.

நெயில் பாலிஷைப் பெண்கள் எதை வைத்து அழிக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதுவும் தின்னருக்கு அண்ணன் தம்பிதான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

ஒரு புள்ளி மிச்சமில்லை. எல்லாம் பளபளவென்று, பிறந்த குழந்தை மாதிரி, யாருடையது என்றே தெரியாமல் கிடந்தன.

நிதானமுள்ளவன் என்ன செய்வான்? சேக்காட்டுக்கு ஒரு நடை போய், நடந்ததைச் சொல்வான். நான் என்ன செய்தேன்? முதலில் தின்னரைச் சாக்கடையில் ஊற்றினேன், சாட்சியைக் கொல்கிற மாதிரி. பிறகு யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் பார்த்தேன். பிறகு, எந்தச் சந்தேகமும் வராதபடி சகஜமாக இருக்க வேண்டும் என்பதற்காக விசில் அடித்தேன். என்னடா விசிலெல்லாம் அடிக்கிற என்று கோதண்டம் அண்ணன் உள்ளேயிருந்து கேட்டார். நான் அந்தக் கடையில் அதற்கு முன் விசிலே அடித்ததில்லை.

கிராங்க்கை அன்றே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த தனபாலின் லேத் பட்டறைக்கு அனுப்பியாக வேண்டும். புள்ளியில்லாமல்தான் போனது. புது ராடு மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, அவன் நான்கு நாளில் திருப்பித் தந்தான். கேஸுக்குள் வைத்து மூடினேன். அன்று மாலை சார் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவளுடையதும் சிவப்பு, அவருடையதும் சிவப்பு. பிஸ்டன், பேரல், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் நினைவிருந்த இடத்தில் வைத்தேன். கிராங்க்கில் சிக்கல். அவர் புள்ளி வைத்தது இடது பக்கப் பெரிய தட்டில். அது கேஸுக்குள் மூடிப்போய்விட்டது. கேட்டால் எதைக் காட்டுவது? வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கிராங்க்கின் ஒரு முனை மட்டும்தான். கூம்பு மாதிரி சரிவாகக் கடைந்திருக்கும், டேப்பர் என்போம். பிளக்குக்குக் கரண்ட் தருகிற சக்கரமான மேக்னெட் அதன் மேல்தான் ஏறி உட்காரும். அந்த டேப்பரில், கண்ணில் படுகிற மாதிரி, நன்றாகத் தடிமனாக ஒரு புள்ளி வைத்தேன். அவசரத்தில் அது இரண்டாகவே விழுந்தது.

சார் வந்தார். நோட்டைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். டேப்பரிடம் வந்ததும் கொஞ்சம் கூடுதலாக நின்றார். நோட்டைப் பார்த்தார். டேப்பரைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மேக்னெட்டை மாட்டி நட்டை இறுக்கினேன். தப்பித்தோம் என்று அன்று மாலை இரண்டு மசால் வடை சாப்பிட்டேன்.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. மனைவி என் சட்டைப் பையிலிருந்து பாதி காலியான பாட்டிலை எடுத்து, "யாருக்குப் பூசி உட்ட?" என்று கேட்டாள். ஒரு கிராங்க்குக்கு என்றேன். அப்படியொரு பெயரில் ஆங்கிலோ இந்தியப் பெண் யாராவது இருக்கிறாளா என்று இரண்டு நாள் அவள் விசாரித்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

4. யார் மீதெல்லாம்

இப்போது ஏரிக்கரைக்குத் திரும்புவோம். கடைக்கு வந்ததும் சார் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார், ஒரு நிபந்தனையோடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் என்ஜினைப் பிரிக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது. கோதண்டம் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சார் பஸ் ஏறியதும் என்னிடம் வந்தார்.

"பாபு, உன்னிய நான் ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கெயம தொறக்கும்போது அவரு கிராங்க் உள்ள கீதா இல்லியான்னு கண்ணு பாத்துக்கும். இல்லன்னா உன் பெட்டி எங்க கீதுன்னு உனுக்கே தெரியும்."

அன்றைக்குச் செவ்வாய். ஐந்து நாள் இருந்தது. ஒரு மனிதன் எத்தனை பேரைச் சந்தேகப்பட முடியுமோ, அத்தனை பேரையும் அந்த ஐந்து நாளில் நான் சந்தேகப்பட்டேன்.

முதலில் தனபால். எட்டு வருஷச் சிநேகிதன். என் கிராங்க் வேலை எல்லாம் அவனிடம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கிராங்க் என் கையிலிருந்து போனபோது அதில் அடையாளம் கிடையாது. ஜப்பான் கிராங்க்கை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளூர்க் கிராங்க்கைத் தள்ளிவிட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அவன் புதிதாக ஒரு வாட்ச் கட்டியிருந்தது ஞாபகம் வந்தது. அது அவன் மாமனார் போட்டது என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

புதன்கிழமை அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து, தொடக்கூடாத என்ஜினைத் தொட்டேன். பிரித்து, கிராங்க்கை ஒரு கோணியில் சுற்றி, பக்கத்துக் கடையில் சைக்கிள் கேட்டு, தனபாலிடம் கொண்டுபோனேன். இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. டேப்பரில் நான் வைத்த புள்ளி அழிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன காட்டுவது? அதனால் அந்த முனைக்கு மட்டும் தனியாக ஒரு பனியன் துணியைச் சுற்றி, கயிறு கட்டி, அடிபட்ட விரல் மாதிரிப் பத்திரமாகக் கொண்டுபோனேன். திரும்பி மாட்டும்போதும் அந்த இடத்தை மட்டும் துடைக்கவில்லை.

தனபால் கிராங்க்கை லேத்தில் சென்டரில் பிடித்து, கோணல் இருந்தால் முள் ஆடிக் காட்டுகிற டயல் கேஜ் வைத்துச் சுற்றினான். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. பர்ஃபெக்ட் என்றான். அவனுடைய கேஜே பொய் சொல்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. எதிர்க் கடையில் வேறொரு கேஜ் இரவல் வாங்கிவந்து வைக்கச் சொன்னேன். அதிலும் அப்படியே. நான் அப்போதும் போகாமல் நின்றேன். அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

"இன்னா மச்சான், மாத்திட்டேன்றியா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. இது யாரோட கிராங்க்னு உன்னால அடிச்சிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவன் மெஷினை ஆஃப் செய்தான். "உன் கிராங்க்க வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன், ஊட்ல மாவு ஆட்டவா?" என்றான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெயம நானும் வரேன். உம் பேரோட எம் பேரும் அதுல கீது" என்றான்.

மறுபடி கோத்து ஓட்டினேன். எழுபதில் அதே உதறல், ஒரு முடி குறையவில்லை. பிரித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, கோத்தால் உதறுகிறது. மாட்டிய போல்ட்டுகளைச் சந்தேகப்பட்டேன். பெட்ரோலைச் சந்தேகப்பட்டுக் கொட்டிவிட்டு வேறு பங்க்கில் போட்டேன். ஸ்கூட்டர் மெக்கானிக் என் வேலைக்கு ஆசைப்பட்டு ஏதோ செய்கிறான் என்று அவன் மேல் ஒரு கண் வைத்தேன். பாவம், அவனுக்கு இந்த வண்டியின் ஸ்டாண்டைப் போடக்கூடத் தெரியாது. கடைசியில் ரோட்டையே சந்தேகப்பட்டேன். வெள்ளிக்கிழமை அண்ணன் இல்லாத நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போய், குமணன்சாவடியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பெங்களூர் ரோட்டிலும் எழுபது எழுபதாகத்தான் இருந்தது.

என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. எனக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

காலை பத்து மணிக்கு சார் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கேஸ் ஸ்க்ரூக்களைக் குனிந்து பார்த்து, இதெல்லாம் சமீபத்துல கழட்டின மாதிரி இருக்கே என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைப் பார்த்தேன்.

தனபால் சொன்னபடியே வந்தான். என்னைத் தாண்டி நடந்தான். நேரே சாரிடம் போய், கிராங்க்குக்கு ராடு போட்டது நான்தான், பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒருதபா ஓட விட்டுப் பாக்கட்டுமா என்று கேட்டான். சார் தலையாட்டினார்.

சைடு கவரைக் கழற்றினோம். மேக்னெட் வெளியே தெரிந்தது. ஸ்டார்ட் செய்து மெதுவாக ஏற்றச் சொன்னான். நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக, வண்டி ஸ்டாண்டிலேயே நடுங்கத் தொடங்கிய அந்த ஒரு இடத்தில், அப்படியே பிடி என்று கை காட்டினான். மேக்னெட்டின் ஓரம் ஒரு கோடாகத் தெரியாமல் நிழல் விழுந்த மாதிரி இரண்டு கோடாகத் தெரிந்தது. அவன் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, கையை எதிலும் இடிக்காமல் முட்டுக் கொடுத்து, சுற்றுகிற மேக்னெட்டின் அருகே மெல்ல மெல்லக் கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் ஒரு நொடி வைத்து எடுத்தான்.

ஆஃப் செய்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு சாமான் நேராகச் சுற்றினால் சாக்பீஸ் கோடு வட்டம் முழுக்க விழும். இதில் கால்வாசி வட்டத்துக்கு மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. மற்றப் பக்கம் சுத்தமாக இருந்தது.

"கிராங்க்ல கோளாறு இல்ல சார். மேக்னெட் ஒரு பக்கமா தூக்கிகினு உக்காந்துகீது. டேப்பர்ல இன்னாவோ கீது" என்றான் தனபால்.

டேப்பர் என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் டேப்பர் மேல் ஒரு தலைமுடி இருந்தால்கூடத் துடைத்துவிட்டுத்தான் மேக்னெட்டை ஏற்ற வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதே டேப்பரில் தடிமனாக இரண்டு புள்ளி வைத்து, காயவிட்டு, அதன் மேல் மேக்னெட்டை ஏற்றி இறுக்கியவனும் நான். அது அழிந்துவிடக் கூடாதென்று பனியன் துணி சுற்றிக் காப்பாற்றியவனும் நான்தான்.

மேக்னெட்டைக் கழற்றினால் புள்ளி தெரியும். புள்ளி எப்படி அங்கே வந்தது என்று கேள்வி வரும். அடையாளத்தை அழித்துவிட்டுப் புது அடையாளம் வைத்தவன் என்று நானே சொல்ல வேண்டும். பார்ட்ஸ் மாற்றுகிறவன் செய்வதும் சாட்சாத் அதேதான். ஒரே வழி, இவர்கள் இரண்டு நிமிஷம் நகர்ந்தால் போதும். புல்லர் போட்டு இழுத்து, தின்னரில் ஒரு துடைப்பு.

நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுங்களேன், அதுக்குள்ள நான் கழட்டி வெச்சிடறேன் என்றேன்.

"போன தடவ டீக்குப் போனது நீங்க. இந்தத் தடவ யாரும் போக வேணாம்" என்றார் ஏழுமலை சார்.

புல்லரை மாட்டினேன். அது மூன்று தடவை நழுவியது. மேக்னெட் டக்கென்று விட்டு வந்தது. டேப்பரில், நசுக்கப்பட்ட மூட்டைப்பூச்சி மாதிரி, சிவப்பாக ஒரு கறை. மேக்னெட்டின் உள்பக்கத்திலும் அதே இடத்தில் அதே சிவப்பு.

நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். தின்னர், இட்லி, விசில், மனைவியின் பாட்டில், புதன்கிழமை கோணியில் சுற்றிக் கொண்டுபோனது வரை ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும், இதை யாராவது என்னிடம் வந்து சொன்னால் நான் நம்புவேனா என்று யோசித்தேன். நம்பமாட்டேன்.

ஏழுமலை சார் நோட்டைத் திருப்பி என்னிடம் நீட்டினார். கிராங்க் என்ற வரியில் 'இடது தட்டு, வெளிப்பக்கம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அன்னைக்கே தெரியும். நான் டேப்பர்ல மார்க் வைக்கவே இல்ல. அதோட என் வீட்டுக்காரம்மா போடறது மெரூன். இது ரோஜா கலரு."

அவர் வேலையே கலர் பார்ப்பது, அளவு பார்ப்பது. எனக்குச் சிவப்பென்றால் சிவப்பு. அப்போதே ஏன் சார் கேட்கவில்லை என்று அண்ணன் கேட்டார். ரிஜெக்ட் போடுவதற்கு முன்னால் ஆதாரம் வேண்டும் என்றார் சார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். பேனா இல்லை. இரும்பில் கோடு கீறுகிற ஸ்க்ரைபர்.

"பாலிஷ் வைக்கறது நீங்க பாக்கறதுக்கு, பாபு. நான் பாக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சேன், நீங்க டீக்குப் போனப்ப. மத்ததுல எல்லாம் பாத்துட்டேன், இருக்கு. கிராங்க் மட்டும்தான் உள்ள மூடிட்டீங்க. தொறங்க."

கேஸைப் பிரித்துக் கிராங்க்கை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தட்டின் விளிம்பைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் கண் அங்கேயும் இங்கேயும் போய்வந்த அந்த நேரத்தில் நான் தனபாலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கிராங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் மாற்றவில்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் இரண்டு பேருக்கும் நெற்றியில் வேர்வை.

சாரின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. ஒரு எறும்பு அளவுக்கு 'ஏ' என்று ஓர் எழுத்து கீறியிருந்தது.

"என்னுதுதான்" என்றார். ஒரு மனிதர் நிம்மதியும் ஏமாற்றமும் சேர்ந்து முகத்தில் காட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். இருபது நாளாகச் சந்தேகப்பட்டது வீணாகிவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்திருக்கும்.

6. பாடம்

டேப்பரைத் தின்னர் போட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, மத்தியானத்துக்குள் கோத்தோம். இந்தத் தடவை சார் ஓட்டினார், நான் பின்னால். எழுபதில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில், பின்னால் வந்த பஸ்ஸின் நம்பரை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது.

தனபாலிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி விடு மச்சான் என்றான். ஆனால் விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை கிராங்க் வாங்கப் போகும்போதும், கடையில் எத்தனை பேர் இருந்தாலும், அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, "நல்லாப் பாத்துக்க, உன்னுதுதானா, மூக்கு கண்ணெல்லாம் சரியாக் கீதா" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பான். ஆறு வருஷம் கேட்டான். எனக்கு அது நியாயமான தண்டனை என்றே பட்டது.

அன்று சாயங்காலம் நானே என் ஸ்பானர் பெட்டியை எடுத்து வாசல் பக்கம் வைத்துவிட்டு நின்றேன். கோதண்டம் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள வையி. திருடன்னு ஆயிருந்தா அனுப்பிருப்பேன். நீ முட்டாளு. முட்டாள வெளிய உட்டா நாலு கடைக்கு நஷ்டம்" என்றார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று, டேப்பரில் எதையும் ஏற்றுமுன் இரண்டு முகத்தையும் துடையுங்கள். துடைத்த பிறகு விரலால் தடவாதீர்கள், விரலும் அழுக்குதான். இன்னொன்று கொஞ்சம் கஷ்டமானது. "சார், கழுவும்போது உங்க மார்க் அழிஞ்சிடுச்சு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று பிற்பாடு ஒருநாள் வாட்சைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். மூன்று விநாடி. அதைச் சொல்லாததால் ஒரு என்ஜினை இரண்டு தடவை வீணாகப் பிரித்தேன், ஒரு நல்ல சிநேகிதனைத் திருடன் ஆக்கப் பார்த்தேன், பெங்களூர் ரோட்டின் மேல் சந்தேகப்பட்டேன். இன்றைக்கும் கையில் இருக்கிற சாமானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் மறைக்கத்தான் தோன்றுகிறது, அந்தக் குணம் மாறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எதையும் கழுவுவதில்லை, பூசுவதில்லை. முதலில் கஸ்டமருக்கு ஆள் அனுப்பிவிடுகிறேன்.